பகிஷ்காரமும் பழிச்சொல்லும்: யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பற்றிய ஒரு மறுநோக்கு

யாழ்ப்பாண வாலிப காங்கிரஸைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1931ஆம் ஆண்டிலே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில், வட மாகாணத்தின் ஐந்து தொகுதிகளுள் மன்னார்-முல்லைத்தீவு தவிர்ந்த நான்கும் பகிஷ்காரத்தினால் வெறுமையாயின. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெறும்வரை அந்நிலை நீடித்தது. இதற்காக அவ்வியக்கம் வலத்திலும் இடத்திலும் ஏற்ற கண்டனம் சிறிதன்று.

தமிழரைச் சபைக்கு வெளியே நிறுத்திய மூடத்தனம் இதுவெனப் பழைமைபேணுவோர் சாடினர். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டமையும் சர்வசன வாக்குரிமை வந்தமையுமே அவர்களை உறுத்தின. காங்கிரஸின் குறை முற்றிலும் வேறானது: அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்பதே அது. தென்னிலங்கையிற் பலர் இவ்வேறுபாட்டைக் காணாது, பகிஷ்காரத்தை இனவாதமென்றே கொண்டனர். (அவ்வேளை லண்டனிலிருந்த பிலிப் குணவர்த்தன அதனை வரவேற்றமை மனங்கொள்ளத்தக்கது.) 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய காலந்தொட்டே தீண்டாமையை எதிர்த்த இவ்வியக்கத்தின்மீது சாதிமான்கள் கொண்ட பகைமையும் அரசியற் கண்டனத்தினுள் மறைந்து நின்றது.

இடதுசாரிகளோ இதனை ஆசிரியர்களினதும் கற்ற இளைஞரினதும் குட்டி பூர்ஷ்வா இலட்சியவாதம் என ஒதுக்கினர். நாமும் அவ்வாறு எழுதியதுண்டு. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் சமூகத்தளத்தை நோக்குமிடத்து அக்கணிப்புப் பிழையன்று. ஆயின் கேட்கவேண்டிய கேள்வியை அது கேட்கவில்லை.

சொத்தும் கல்வியும் நோக்காது, இருபத்தொரு வயதடைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குக் கிட்டிய முதல் தேர்தல் அது. யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அதன் பொருள் யாது? அவர்களைக் கேட்டா பகிஷ்காரம் தீர்மானிக்கப்பட்டது? 1931 ஏப்ரல் மாநாட்டில் அத்தீர்மானம் நிறைவேறியபோது தலைமை வகித்தவர் கமலாதேவி சட்டோபாத்யாயா என்னும் பெண்மணி. அதன் விளைவாக அந்நான்கு தொகுதிகளின் பெண்களும் தமது முதல் வாக்கை இழந்தனர். தீண்டாமையை எதிர்த்தவர்களே தீண்டப்படாதோரின் கைக்கு வந்த கருவியைத் தடுத்துவைத்தனர். வாக்குரிமையையே வெறுத்த வலதுசாரிகள் இக்குற்றத்தைச் சுமத்த இயலாது. நாம் சுமத்தியிருக்க வேண்டும், சுமத்தவில்லை.

1934இல் பருத்தித்துறைத் தொகுதி ஜி. ஜி. பொன்னம்பலத்தின் கைக்கு வந்தது. 1936இல் தனிச்சிங்கள மந்திரிசபை அமைந்தது. அதன்பின் யாழ்ப்பாணத்திற் பேசப்பட்டது சுயராச்சியமன்று, ஆசனங்களின் விகிதம்.