வட அயர்லாந்தின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டங்களும் சமய மோதலும் (1976–1998)

1921இல் உருவான வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் சிறுபான்மையினராயினர். வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் அவர்கள் எதிர்கொண்ட பாகுபாடே 1968இல் வலுப்பெற்ற குடிமை உரிமை இயக்கத்தின் முதன்மைக் குறைகளுள் ஒன்று. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கத்தோலிக்க ஆண்களின் வேலையின்மை விகிதம் புராட்டஸ்தாந்து ஆண்களினுடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

1976ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பில் சமயப் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆயினும் அது பெரிதும் தனிமனித முறையீட்டையே சார்ந்திருந்தமையால் நிலைமை அதிகம் மாறவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை வேலை வழங்குவோர்மீது சுமத்தியது. மிகச் சிறிய நிறுவனங்கள் நீங்கலாக ஏனையவை பணியாளரின் சமயப் பிரிவை ஆண்டுதோறும் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆளெடுப்பு முறைகளை மறுஆய்வு செய்தல் வேண்டும். இடஒதுக்கீட்டை அச்சட்டம் ஏற்கவில்லை.

சமயத்தைக் கணக்கிடுவது பிளவை நிலைப்படுத்தும் எனத் தோன்றலாம். நிகழ்ந்தது வேறு. ஊகமாகவும் வதந்தியாகவும் உலவிய குறை, இரு தரப்பினரும் சரிபார்க்கத்தக்க எண்ணாயிற்று. 1990களில் பணியாளருள் கத்தோலிக்கர் பங்கு உயர்ந்தது. மக்கள்தொகை மாற்றமும் அதற்கு ஒரு காரணமாகும்.

சட்டம் மோதலை முடித்துவிடவில்லை. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு அரசியல் பேச்சுவார்த்தையே வழிவகுத்தது. எனினும் மோதலை வளர்த்த காரணங்களுள் ஒன்றைத் தெருவிலிருந்து தீர்ப்பாயத்துக்குக் கொண்டுவந்தது இச்சட்டமே எனலாம்.