யாருக்குத் துரோகி?

கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சாலையில் போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-இல் கும்பினியார் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். அங்கே அவருக்குச் சிலை வைத்தவர் சிவாஜி கணேசன். 1959-இல் கட்டபொம்மனாக நடித்தவர். கிழக்கே போனால் எட்டயபுரம். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் கும்பினி பக்கம் நின்ற எட்டப்பன் பெயர்தான் துரோகிக்கு மறுபெயராக நிலைத்தது. வீரனுக்கு ஒரு ஊர், துரோகிக்கு ஒரு ஊர் என்று பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது நம் கரிசல்.

அதே சிவாஜி துரோகியாக நடித்த படம் 'அந்த நாள்' (1954). ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் வசனம். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இந்த அமைப்பு குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்தது என்பது பொதுவான பேச்சு. அந்தோனி ஆஸ்க்வித்தின் 'தி உமன் இன் கொஸ்சன்' (1950) என்ற பிரிட்டிஷ் படமே மூலம் என்பாரும் உண்டு. எதுவானாலும், அவை இரண்டிலும் ஒற்றன் இல்லை. சட்டகம்தான் வெளியிலிருந்து வந்தது. ஒற்றன் வந்தது சென்னையின் சரித்திரத்திலிருந்து. 1943 அக்டோபர் 11 இரவு ஜப்பானிய விமானம் சென்னைமேல் குண்டு போட்டது. படம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

பிரிட்டிஷ் ஒற்றர் படத்துக்கு இலக்கணம் ஹிட்ச்காக்கின் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' (1935). ஒற்றர் தலைவன் ஊர் மதிக்கும் பெரிய மனிதன். ராணுவ ரகசியம் ஒரு மேடைக் கலைஞனின் ஞாபகத்தில் ஏறி நாட்டைவிட்டு வெளியேறப் பார்க்கிறது. துரத்தல், தப்பித்தல், காதல், சிரிப்பு. 1959-இல் ரால்ப் தாமஸ் இதையே வண்ணத்தில் மறுபடி எடுத்தபோதும் குதூகலம் குறையவில்லை. காப்பாற்ற வேண்டிய நாடு எது என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை. அதனால்தான் விளையாட முடிகிறது.

நமக்கு அந்த வசதி இல்லை. ராஜன் விற்றது வெள்ளைக்காரன் அரசாங்கத்தின் ரகசியம். சென்னையில் குண்டு விழுந்த பத்தாம் நாள், அக்டோபர் 21-இல், ஜப்பானியர் துணையோடு சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக அவர் படையில் சேர்ந்தார்கள். அவர்களைத் தியாகிகள் என்கிறோம், ராஜனைத் துரோகி என்கிறோம். இரண்டும் சரியாகவே இருக்கலாம். வித்தியாசம் எங்கே என்று சொல்லியாக வேண்டும்.

தன் திறமையைத் தன் நாடு மதிக்கவில்லை, ஜப்பான் மதித்தது என்பது ராஜனின் மனக்குறை. அந்தக் குறைக்கு அவன் ஒரு ஊரையே விலையாக வைக்கிறான். பண்டரிபாயின் உஷா அவனைக் காதலித்து மணந்தவள். அவள் கைத்துப்பாக்கிதான் அவன் உயிரை வாங்குகிறது. அரசாங்கம் யாருடையது என்பதைவிட, குண்டு யார் தலையில் விழும் என்பதே அவள் கணக்கு என்று எனக்குப் படுகிறது. படத்தின் பலமும் பலவீனமும் இதுதான். 'நாடு' என்ற சொல்லை 1954-இல் நின்றுகொண்டு 1943-க்கு அனுப்புகிறது. ஆள்பவன் யார் என்று அழுத்திக் கேட்பதில்லை.

முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை. பாட்டு இல்லாததைக் காரணமாகச் சொல்வார்கள். அது மட்டும்தானா? துரோகி என்பவன் எட்டயபுரம் மாதிரி, கை நீட்டிக் காட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் நமக்கு. நம் வீட்டுக்குள்ளேயே, நாம் விரும்பும் முகத்தோடு அவன் உட்கார்ந்திருந்தால், காட்டக் கை எழுவதில்லை.