ஒப்பன்ஹைமர்: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

ஒருவன் தன் ஊரிலே வாழுங்காலத்து அவ்வூர்ப் பெயரால் அவனை எவரும் அழைப்பதில்லை. ஊரார் அனைவர்க்கும் பொதுவாயதொரு பெயர் ஒருவனைப் பிறரினின்றும் பிரித்துக் காட்டமாட்டாது. அவன் ஊரை நீங்கிப் பிறிதோரிடத்திற் குடியேறிய பின்னரே ஊர்ப்பெயர் அவனுக்கு அடையாளமாகின்றது. ஈழத்துப் பூதன்தேவனார் என்னும் சங்கப் புலவர் பெயரிலுள்ள 'ஈழத்து' என்னும் அடை, ஈழத்துக்கு அப்பாலுள்ளோர்க்கே பயன்படுவதன்றோ? ஆகவே, ஊரால் வந்த பெயர் ஒருவன் இருக்கும் இடத்தைக் கூறுவதன்று. அவனோ அவன் முன்னோரோ நீங்கிய இடத்தைக் கூறுவதேயாம். இவ்வுண்மையை ஒப்பன்ஹைமர் என்னும் ஜேர்மானியக் குடும்பப் பெயர் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஜேர்மனியின் மேற்குப் பகுதியில், மைன்ஸ் நகருக்கும் வோர்ம்ஸ் நகருக்கும் இடையே, றைன் நதியின் இடக்கரையில் ஒப்பன்ஹைம் என்னும் சிறு நகர் உளது. திராட்சைத் தோட்டங்களும் புனித கதரீன் தேவாலயமும் அதற்கு அணி செய்வன. ஜேர்மன் மொழியில் ஊர்ப்பெயரின் இறுதியில் 'அர்' என ஒலிக்கும் விகுதி சேருமாயின் 'அவ்வூரினர்' என்னும் பொருள் பிறக்கும். ஒப்பன்ஹைமர் என்பது இவ்வாறு அமைந்ததே. 1949 முதல் 1963 வரை மேற்கு ஜேர்மனியின் அரசுத் தலைமையை வகித்த கொன்ராட் அடனோவர் என்னும் கத்தோலிக்கரின் பெயரும் அடனோ என்னும் ஊரால் வந்ததாகலின், இம்முறை கிறித்தவர்க்கும் யூதர்க்கும் பொதுவென்க. யூதரிடையே ஊர்ப்பெயர்கள் முன்னரே வழங்கினவேனும், நிலையான குடும்பப் பெயர் கொள்ளவேண்டும் என்னும் சட்டங்கள் பின்னரே எழுந்தன. ஹப்ஸ்பேர்க் நாடுகளில் 1787ஆம் ஆண்டிலும், பிரெஞ்சுப் பேரரசில் 1808ஆம் ஆண்டிலும், பிரசியாவில் 1812ஆம் ஆண்டிலும் அவை பிறந்தன. ஒரே ஊரிலிருந்து பல குடும்பங்கள் பெயர்ந்திருத்தல் கூடுமாதலின், ஒரு பெயருடையார் யாவரும் ஒரு குலத்தவர் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இப்பெயரை ஐரோப்பிய அரசவைகளில் முதன்முதல் நிலைநாட்டியவர் சாமுவேல் ஒப்பன்ஹைமர் (1630-1703). பேரரசர் முதலாம் லியோபோல்டு 1670ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து யூதரை வெளியேற்றினார். அதே பேரரசர் சில ஆண்டுகளுள் சாமுவேலை அந்நகரில் வாழ அனுமதித்தார். துருக்கியரோடும் பிரெஞ்சுக்காரரோடும் நிகழ்ந்த போர்களுக்குப் பொருளும் தளவாடமும் உதவ வல்லார் பிறர் இலராயினமையே அதற்குக் காரணம். ஒப்பன்ஹைம் நகரைப் பிரெஞ்சுப் படைகள் 1689ஆம் ஆண்டில் எரித்த போரிலே, பேரரசரின் படைகளைப் பேணியவர் அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய இவர் என்பது கருதத்தக்கது. ஆயினும் 1700ஆம் ஆண்டில் அவர் இல்லம் கலகக்காரரால் சூறையாடப்பட்டது. அவர் இறந்தபோது, தாம் பட்ட கடனை இறுக்க அரசு மறுத்தது. அதனால் விளைந்த நெருக்கடி ஐரோப்பாவின் பல நகர்களிலும் உணரப்பட்டது.

சாமுவேலின் சகோதரர் மகனான டேவிட் ஒப்பன்ஹைம் (1664-1736) பிராக் நகர் யூதரின் தலைமைக் குருவாக விளங்கியவர். ஊர்ப்பெயர் இவர்பால் விகுதியின்றியும் வழங்கிற்று. எபிரேய நூல்களையும் ஏட்டுப் பிரதிகளையும் தேடித் தொகுத்த இவர், பிராக் நகரின் நூற் கண்காணிப்புக்கு அஞ்சி அவற்றை ஹனோவர் நகரிலே வைத்திருந்தார். பல கை மாறிய அத்தொகுதியை 1829ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகம் வாங்கிற்று. நூல்களும் அவற்றைத் தொகுத்தவரைப் போலவே ஊர் விட்டு ஊர் சென்றன.

யோசேப் சூஸ் ஒப்பன்ஹைமரின் வரலாறு துயரம் மிக்கது. வூர்ட்டெம்பேர்க் கோமகன் கார்ல் அலெக்சாண்டரின் நிதி அலுவல்களை இவர் நடாத்தினார். கோமகனின் ஆட்சியை வெறுத்தோர் அவ்வெறுப்பை இவர்மீது ஏற்றினர். 1737ஆம் ஆண்டில் கோமகன் திடீரென இறக்கவே, இவர் சிறைப்பட்டார். மதம் மாற மறுத்த இவர் 1738ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆந் திகதி ஸ்டுட்காட் நகரில் தூக்கிலிடப்பட்டார். இவர் உடல் ஆறு ஆண்டுகள் இரும்புக் கூட்டிலே தொங்கிற்று. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் இவர்க்கு அமைதி கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டில் நாசி ஆட்சியினர் இவர் வரலாற்றைத் திரித்துத் திரைப்படமாக்கி, யூத இனம் முழுவதையும் பழிக்கும் கருவியாக்கினர். ஒருவர் பெயரை ஓரினத்தின் குற்றச்சாட்டாக்கிய செயல் அது.

இருபதாம் நூற்றாண்டினர் இருவரை ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு ஒரு முரண்பாடு புலப்படும். ஜேர்மனியின் பிரீட்பேர்க் நகரிற் பிறந்த ஏர்னஸ்ட் ஒப்பன்ஹைமர் (1880-1957) தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரிற் குடியேறி, வைர வணிகத்தில் உயர்ந்து, அந்நகர முதல்வருமானார். 1915ஆம் ஆண்டில் ஜேர்மானியர்க்கு எதிரான கலகம் மூண்டபோது, பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்தும், ஜேர்மானியர் என்றே கருதப்பட்டு அவ்வூரை நீங்கினார். பின்னர் 1917ஆம் ஆண்டில் அங்கிலோ அமெரிக்கன் என்னும் சுரங்க நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மற்றவர் பேர்ளினிற் பிறந்த பிரான்ஸ் ஒப்பன்ஹைமர் (1864-1943). மருத்துவராயிருந்து பொருளியலுக்கு வந்த இவர், அரசு என்னும் அமைப்பு வெற்றிகொண்டோர் தோற்றோர்மீது நிறுவிய ஆதிக்கத்தாற் பிறந்தது என வாதித்தவர்; பிராங்போட் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராய் விளங்கியவர். பிற்காலத்து மேற்கு ஜேர்மனியின் தலைமையை ஏற்ற லூட்விக் ஏர்காட் இவர் மாணவர். இத்தகையாரும் ஜேர்மானியர் அல்லர் எனப்பட்டு 1938ஆம் ஆண்டில் நாட்டை விட்டேகி, லொஸ் ஏஞ்சலிசில் உயிர் நீத்தார். கிம்பர்லியில் ஜேர்மானியப் பெயரென வெறுக்கப்பட்டது யாதோ, அதுவே பேர்ளினில் அயற்பெயரென வெறுக்கப்பட்டது.

இப்பெயரை உலகறியச் செய்தவர் பௌதிகவியலாளர் றொபேட் ஒப்பன்ஹைமர் (1904-1967). இவர் தந்தையார் ஹனோ நகரிலிருந்து 1888ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றவர். நியூ யோர்க்கிற் பிறந்த றொபேட் 1933ஆம் ஆண்டளவில் பேர்க்லியிலே ஆதர் றைடர் என்னும் பேராசிரியரிடம் சமஸ்கிருதம் கற்றுப் பகவத்கீதையை மூலத்திலேயே பயின்றார். 1945ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி முதலாவது அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டபோது, கீதையின் விசுவரூப தரிசன யோகம் தம் நினைவுக்கு வந்ததெனப் பின்னர்க் கூறினார். அக்குண்டினை ஆக்கிய லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் தலைவராயிருந்த இவரை, அமெரிக்க அரசு 1954ஆம் ஆண்டில் ஐயுற்று, அணுசக்தி இரகசியங்களை அறியும் உரிமையைப் பறித்தது. அம்முடிவு முறையற்றதென அவ்வரசே 2022ஆம் ஆண்டில் நீக்கியது. அப்போது அவர் இறந்து 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வங்கியாளர், குரு, சமூகவியலார், சுரங்கத் தொழிலதிபர், விஞ்ஞானி என இவர்களிடையே தொழிலும் குணமும் நாடும் வேறுபட்டன. றைன் நதிக்கரை ஊரொன்றின் பெயரே அவர்களுக்குப் பொதுவாயது. பெயரைக் கொண்டு ஒருவர் முன்னோர் சென்ற வழியினை ஓரளவு உய்த்துணரலாம். அவர் குலத்தையோ குணத்தையோ நாட்டுப் பற்றையோ அளவிடல் ஒல்லாது. அவ்வாறு அளவிட்டவர்களே ஸ்டுட்காட்டில் இரும்புக் கூட்டைத் தொங்கவிட்டனர். கிம்பர்லியிற் கலகம் விளைத்தனர். பேர்ளினில் ஓர் ஆசிரியரை நாடு கடக்கச் செய்தனர். வரலாறு பயிலும் மாணவர் ஒரு பெயரைக் காணுமிடத்து, 'இவர் எவ்வினத்தவர்?' என்று வினவுமுன், 'இவர் முன்னோர் எங்கிருந்து, எக்காரணத்தாற் பெயர்ந்தனர்?' என்று வினவுவாராக.