சொட்டு எண்ணும் சிஸ்டர்

"டாக்டர், ஒரே அசதியா இருக்கு. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க."

திருச்செங்கோடு தறிக்காரர், நாமக்கல் லாரி டிரைவர், கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா... சேலம், நாமக்கல் பக்கம் எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அந்தப் பாட்டிலுக்கு கிட்டத்தட்ட 200 வருஷக் கதை இருக்கு. பொறுமையா படிங்க.

1/ 1831. பிரிட்டனில் காலரா. வில்லியம் ஓஷானெஸி என்ற 22 வயது அயர்லாந்து டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் வற்றிப்போயிருந்தன.

2/ அதைப் படித்த தாமஸ் லாட்டா, 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் உப்புத் தண்ணீரை நேராக நரம்பில் ஏற்றினார். முதல் நோயாளி சாகும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டி. அரை மணி நேரத்தில் 6 பைண்ட், அதாவது சுமார் 3.4 லிட்டர் உள்ளே போனது. பாட்டி தெளிவாகப் பேசினார். கொஞ்சம் தூங்கினால் போதும் என்றார்.

3/ லாட்டா அவரை மருத்துவமனை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். சீக்கிரமே மறுபடி வாந்தி, பேதி. லாட்டாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் பாட்டி இறந்துபோனார். லான்செட் இதழில் லாட்டாவே இதை எழுதியிருக்கிறார்.

கவனிங்க. மருந்து வேலை செஞ்சுது. கூடவே இருந்து, வெளியே போன அளவுக்குத் திரும்ப ஏத்தத்தான் ஆள் இல்லை.

4/ 1833இல் லாட்டா இறந்தார். சிகிச்சையையும் பெரும்பாலான டாக்டர்கள் கைவிட்டார்கள். ஓஷானெஸி அதே வருஷம் கம்பெனி டாக்டராக கல்கத்தா வந்தார். பிறகு இந்தியாவில் தந்திக் கம்பி போட்டுப் புகழ் பெற்றார். உப்புத் தண்ணீர் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேரவில்லை.

5/ 1876-78, தாது வருஷப் பஞ்சம். நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பசியோடு காலராவும் சேர்ந்து ஜனங்களைக் கொண்டுபோனது. வைத்தியம் அச்சில் வந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம்ம ஜனங்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

6/ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் இதை மறுபடி எடுத்தார். ரத்தத்தின் அடர்த்தியை அளந்து, அதற்கேற்ப ஏற்றினார். காலரா சாவு பாதியாகக் குறைந்தது. டிரிப்ஸ் போட்டதும் வரும் குளிர்காய்ச்சலுக்கு, தண்ணீரில் இருந்த பாக்டீரியாக் கழிவுதான் காரணம் என்று 1923இல் ஃபுளோரன்ஸ் சைபர்ட் காட்டினார்.

7/ நரம்பில் ஊசி போடுவது அதுவரை பெரும்பாலும் டாக்டர் வேலை. 1940இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, அந்தப் பொறுப்பை ஏடா பிளமர் என்ற நர்சிடம் கொடுத்தது. லீத்தில் இல்லாத அந்த ஆள், 108 வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்.

8/ இன்னைக்கு சேலம் ஜிஎச்சில் சிஸ்டர் செய்வதும் அதுதான். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏத்தணும்னா நிமிஷத்துக்கு சுமார் 42 சொட்டு. அதை எண்ணி வைப்பார். ஊசி போட்ட இடம் வீங்குதா, சிவக்குதா, எவ்வளவு மூத்திரம் போச்சு, மூச்சு வாங்குதா என்று பார்ப்பார்.

"சீக்கிரம் முடியட்டும், பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு நீங்களே அந்தச் சக்கரத்தைத் திருப்பாதீங்க. இதயமோ கிட்னியோ பலவீனமா இருந்தா, வேகமா ஏறின தண்ணி நுரையீரலில் போய் நிக்கும். உயிருக்கே ஆபத்து.

9/ 1971இல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. டிரிப்ஸ் பாட்டிலும் போதவில்லை, போட ஆளும் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அங்கே பக்கத்தில் இருந்து பார்த்தது அம்மாக்களும் அக்காக்களும்தான்.

10/ 5% குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ரெண்டு இட்லியில் கிடைக்கும் தெம்புதான். வாயால் சாப்பிட முடிஞ்சா சாப்பிடுங்க. வயித்துப்போக்கா, ஓஆர்எஸ் குடிங்க. டிரிப்ஸ் தேவைன்னு டாக்டர் சொன்னா தயங்காம போட்டுக்கோங்க.

போட்ட பிறகு கை வலிச்சாலோ, வீங்கினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, பாட்டில் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க. லீத்தில் அந்தப் பாட்டிக்காக யாரும் கூப்பிடலை.