இளையோர் மிகுபுனைவு: மயானத்தில் தொடங்கும் மரபும் அண்மைக்காலத் தமிழ் நூல்களும்

இளையோர் மிகுபுனைவு என்பது ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்படும், இயற்கைக்கு மீறிய நிகழ்வுகள் கதையின் அச்சாக அமைந்த புதின வகை. ரிக் ரயர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசை (2005 முதல்), நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011), டோமி அடெயெமியின் 'சில்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' (2018), ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' வரிசை (2018 முதல்) ஆகியவை ஆங்கிலத்தில் இவ்வகைக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். தமிழில் இதற்கெனத் தனி அலமாரி இல்லை. சிறார் இலக்கியம் என்ற பெரிய தலைப்புக்குள்ளேயே இதுவும் அடங்கிவிடுகிறது. ஆனாலும் அண்மைக் காலத்தில் வந்த சில தமிழ் நூல்கள் தேடிப் படிக்கத் தக்கவை. எது தக்கது என்பதற்கு இக்கட்டுரை ஒரே ஓர் அளவுகோலை முன்வைக்கிறது: பெரியவர்கள் பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிற ஒன்றை அந்த மாயக்கதை நேரே காட்டுகிறதா என்பதே அது. இந்த அளவுகோல் வெளியிலிருந்து கொண்டுவந்தது அன்று. தமிழின் அற்புதக் கதைகள் தொன்றுதொட்டு இந்த வேலையைத்தான் செய்து வந்திருக்கின்றன.

மணிமேகலையில் சார்ங்கலன் என்ற சிறுவன் புகார் நகரின் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டுக்குள் தனியே நுழைகிறான். தலையோட்டைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி, வீடு வந்து சேர்ந்து உயிர் விடுகிறான். கண் தெரியாத தாய் கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தரும்படி சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். போன உயிரை மீட்கத் தன்னால் இயலாது என்று தெய்வம் காட்டுகிறது. தெய்வத்துக்கும் முடியாத ஒன்று உண்டு என்று ஒரு பழங்கதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் இடம் இது. சீவக சிந்தாமணியில் கருவுற்ற அரசி விசயை மயில் வடிவ விமானத்தில் ஏறித் தப்புகிறாள். அது இறங்கும் இடமும் சுடுகாடுதான், சீவகன் பிறப்பதும் அங்கேதான். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடப்பதும் மயானத்து வழியில்தான். நம் மாயக்கதைகளின் வாசல் அரண்மனையில் இல்லை, மயானத்தில் இருக்கிறது.

இந்த மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் சான்று. அந்த ஊரின் கதைப்படி, பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. அவர் இரந்து பெறும் அன்னத்தையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. சாபத்தால் அலைந்து மலையனூர் வந்து புற்றாய் அமர்ந்த பார்வதி, முதல் இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இடுகிறாள். மூன்றாம் கவளத்தைச் சுடுகாட்டு மண்ணில் இறைக்கிறாள். பசி தாளாத கபாலம் கையை விட்டுக் கீழே இறங்க, அவள் அங்காளியாக உருவெடுத்து அதை மிதித்து அடக்குகிறாள். மாசி மாத மகா சிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையையொட்டி நடக்கும் மயானக் கொள்ளை இந்தக் கதையை ஊரே சேர்ந்து நிகழ்த்துவது. வேண்டிக்கொண்டவர்கள் முகத்தில் சாயம் பூசி அம்மன் வேடம் கட்டுகிறார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க ஊர்வலம் மயானத்துக்குப் போகிறது. அங்கே, விளைந்த தானியம், காய்கறி, சுண்டல், கொழுக்கட்டை, சில்லறைக் காசு எல்லாம் இறைக்கப்படுகின்றன. கூட்டம் பாய்ந்து அள்ளுகிறது. அள்ளிய தானியத்தை நிலத்தில் தூவினால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. பிணம் எரியும் இடத்தில் உணவை இறைத்து விளைச்சலைக் கேட்கும் இந்தக் காட்சியைத் தோளில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இக்கதையின் கட்டமைப்பு இலக்கிய நோக்கில் கவனிக்க வேண்டியது. மாயத்துக்கு இங்கே ஒரு விதி இருக்கிறது: கபாலம் பசிக்கும், பசித்தால் இறங்கும். அதற்கு ஒரு விலையும் இருக்கிறது: அவள் தன் சாந்த உருவை விட்டு உக்கிர உருவை ஏற்றாக வேண்டும். வேதாளக் கதையிலும் அப்படித்தான். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். விதியும் விலையும் இல்லாத மாயம் வெறும் வசதியாகிவிடும். படிப்பவருக்கு அதில் பதைப்பு எழாது. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய அம்புலிமாமா இதழ் இந்த விதிகளை லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தது. ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமனைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. சிறார் எழுத்தாளர் வாண்டுமாமா மந்திரவாதிகளையும் கோட்டைகளையும் விறுவிறுப்பாக எழுதிக் குவித்தார். வாசிக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே ஏற்படுத்திய பெருமை அவருக்கு உண்டு. என்றாலும் இதழ்களின் பக்கங்களில் மாயக்கதை பெரும்பாலும் சாகசமாகவே நின்றது. சார்ங்கலனின் தாயின் மன்றாட்டு எழுப்பும் கேள்வியின் பக்கம் அது அதிகம் போகவில்லை.

அண்மைக்கால நூல்கள் வேறுபடுவது இங்கேதான். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஒரு சிறுமியின் கையிலுள்ள மரப்பாச்சிப் பொம்மை உயிர்பெற்றுத் தோழியாகிறது. இவ்வளவும் நாம் அறிந்த தேவதைக் கதைதான். ஆனால் அந்தத் தோழமை இட்டுச்செல்லும் இடம், குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல். வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒன்றைப் பேச ஒரு மரப்பொம்மை தேவைப்படுகிறது என்பதே இந்த நூல் நம் வீடுகளைப் பற்றிச் சொல்லும் கனமான உண்மை. மாயம் இங்கே தப்பிக்கும் வழியாக வரவில்லை, பேச்சைத் திறக்கும் வழியாக வருகிறது. அண்மைத் தமிழ்ச் சிறார் நூல்களில் முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

2023-இல் அதே விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இன்றைய சிறுவனைக் கீழடியின் பழங்காலத்தோடு இணைக்கிறது. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானையோடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் கிடைத்த பெயர். அகழாய்வு அறிக்கையில் ஒரு பொறிப்பாக இருப்பது, புதினத்தில் விளையாட வரும் பிள்ளையாகிறது. கீழடியை ஒட்டிய கொந்தகையில் ஈமத்தாழிகள் கிடைத்திருப்பதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு படித்தால், இறந்துபோன ஒரு காலத்தோடு பேசுவது என்றால் என்ன என்பது இளம் வாசகருக்கு உறைக்கும். 2025-இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' தலைப்பிலேயே தன் துணிவைக் காட்டுகிறது. இரண்டு சிறகு முளைத்த பெண் பறந்துவிடுவாள். ஒற்றைச் சிறகோடு அவள் என்ன செய்வாள் என்ற கேள்விதான் கதையைச் செலுத்தும் விசை. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' இன்றும் முதன்மையானது. 1990-களின் இறுதியில் தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்த அக்கதையில் ராணுவ அதிகாரி பாண்டியனும் டாக்டர் திவாகரும் கிம் என்ற சிறுவனும் இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிறார்கள். மனிதன் பரிணாமத்தில் எதைப் பெற்றான், எதை இழந்தான் என்ற கேள்வியைப் பதின்ம வயதினரிடம் நம்பி ஒப்படைத்த நூல் அது. வயது கால் நூற்றாண்டைத் தாண்டினாலும் அந்த நம்பிக்கையால்தான் அது பழையதாகவில்லை.

இந்த நூல்கள் மீது சொல்லப்படக்கூடிய முதல் குறை, இவற்றில் பாடம் தூக்கலாக இருக்கிறது என்பது. பாதுகாப்பு, தொல்லியல், அறிவியல் என்று கற்பிக்க வேண்டிய ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அதற்கு மாயத்தைப் பூசினால் கதை மெலியும் என்பது உண்மையே. தமிழ்ச் சிறார் நூல்களில் பல இப்படி மெலிந்தவை. ஆனால் பாடமும் மறைக்கப்பட்ட உண்மையும் ஒன்றல்ல. பாடத்தை எழுத்தாளர் முன்பே அறிந்திருக்கிறார், வாசகருக்குக் கொடுக்கிறார். மறைக்கப்பட்ட உண்மையை வாசகப் பிள்ளை ஏற்கெனவே அரைகுறையாக உணர்ந்திருக்கிறது. கதை அதற்கு முகம் கொடுக்கிறது. மரப்பாச்சிக் கதை வலுப்பெறும் பக்கங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சட்டமும் அறிவுரையும் பேசும் பக்கங்களில் கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த வலு குன்றவில்லை.

இரண்டாம் மறுப்பு தமிழ்நாட்டுக்கே உரியது, எளிதில் ஒதுக்க முடியாதது. பேயும் பூதமும் பேசும் கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று பகுத்தறிவு மரபில் வந்தவர்கள் அஞ்சுவார்கள். பேயோட்டுதலும் செய்வினை பயமும் இன்னும் உயிரோடிருக்கும் வட்டாரத்தில் இது நியாயமான அச்சம். ஆனால் மூடநம்பிக்கை கதையைக் கதை என்று சொல்லாத இடத்தில்தான் வளர்கிறது. புதினத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அது புனைவென்று முதல் பக்கத்திலேயே தெரியும். அதன் விதிகளை ஏற்று உள்ளே போய், மூடி வைத்துவிட்டு வெளியே வரப் பழகுகிறது. நம்பவும் ஐயப்படவும் ஒருசேரப் பழக்கும் பயிற்சி இதைவிட வேறு எதில் கிடைக்கும்? ஆயிஷா இரா. நடராசன் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' என்ற நூலில் விக்கிரமாதித்தன் கதைச் சட்டகத்தையே அறிவியல் சொல்ல எடுத்துக்கொண்டார். 2014-இல் அதற்கும் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. சாவும் அச்சமும் பிள்ளைகளுக்கு ஆகாது என்பவர்களுக்கு மேல்மலையனூர்க் கூட்டமே பதில். அங்கே பிள்ளைகள் அச்சத்தைத் தனியாக அல்ல, ஊரோடு சேர்ந்து சந்திக்கிறார்கள்.

உண்மையான பற்றாக்குறை வேறிடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன நூல்களில் பெரும்பாலானவை 14 வயதோடு நின்றுவிடுகின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022-இல் தொடங்கிய இதழ்களிலும் இதே வரம்புதான்: 'ஊஞ்சல்' 4, 5-ஆம் வகுப்புகளுக்கு, 'தேன்சிட்டு' 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் தேர்வு, பிறகு நேரே பெரியவர்களின் நாவல் என்பதே வழி. காதல், துரோகம், சாதி, உடல், சாவு எல்லாம் ஒருங்கே முன்னால் வந்து நிற்கும் வயதுக்கு மாயக்கதை இல்லாமல் போகிறது. ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாமே என்பது அரைப் பதில். அமெரிக்காவில் வளரும் ஆரு ஷா அர்ச்சுனனின் மறுபிறப்பு என்று அறியும்போது அவளுக்கு அது புதையல். செஞ்சிப் பகுதிப் பிள்ளைக்கோ அர்ச்சுனன் புதையல் இல்லை; திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கத்தில் கேட்டு, இரவில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக் கூத்தில் ஆடக் கண்டவன். அவனைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

எழுதுவதற்கான பொருளோ இந்த வட்டாரத்தில் கொட்டிக் கிடக்கிறது. களப்பலிக்கு முந்தைய நாள் திருமணம் கேட்கும் அரவான் முழுக்க முழுக்கப் பதின்ம வயதின் நாயகன். கூவாகத்தில் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் தாலியறுக்கும் திருநங்கையர் அந்தக் கதையை ஆண்டுதோறும் தங்கள் வாழ்க்கையால் எழுதுகிறார்கள். திரௌபதியம்மனுக்குக் காவலாக நிற்பவர்களில் முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனும் ஒருவன். இந்த வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு நூல் செஞ்சியிலிருந்தே குருச்சேத்திரத்துக்கு வழி போடுகிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மாண்ட தேசிங்குராஜனும், கல்யாணப் பந்தலை விட்டு அவனுக்காகப் போருக்கு ஓடிவந்ததாகக் கதைப்பாடல் சொல்லும் முஸ்லிம் நண்பனும் இன்னும் நாட்டுப்புறப் பாட்டில் இருக்கிறார்கள். ஒரு நட்புக்கு மனிதன் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று 16 வயதில் கேட்காமல் வேறு எப்போது கேட்பது?

வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தைப் புனைவாக்கினால் மனம் புண்படாதா என்று கேட்கலாம். கூத்துக் கலைஞர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் துரியோதனனையும் கிண்டல் செய்வான், கண்ணனையும் விடமாட்டான். நைஜீரிய அமெரிக்க எழுத்தாளரான ஒகோராஃபோர், இக்போ மக்களின் ஆவி வேடங்களையும் ந்சிபிடி குறியீடுகளையும் தன் கதைக்குள் கொண்டுவந்தபோது அவற்றின் அச்சுறுத்தும் தன்மையைக் குறைக்கவில்லை. அதுதான் மரியாதை. அங்காளியை அழகுப் பொம்மையாக்கினால்தான் இழுக்கு. உக்கிரத்தோடு, பசித்த கபாலத்தோடு, அவளைக் காத்துப் பூசை செய்யும் பர்வதராஜகுல மீனவர்களோடு எழுதினால் ஊரும் அதைத் தன் கதையாகவே ஏற்கும். இந்த வட்டாரத்தில் எழுதும் கை இல்லாமலும் இல்லை. மகள் தாய்க்குக் கதை சொல்லும் தலைப்போடு வந்த நூலுக்காக 2021-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற மு. முருகேஷ், பக்கத்து வந்தவாசியில் வாழ்பவர்தான்.

மாவட்டந்தோறும் அரசு புத்தகத் திருவிழா நடத்தும் காலம் இது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மேல்மலையனூர் பகுதிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் நூலகத்துக்கு வாங்கும் பட்டியலில் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 'ஆதனின் பொம்மை', 'ஒற்றைச் சிறகு ஓவியா', 'பனிமனிதன்' ஆகிய நான்கையும் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அலமாரியைப் பூட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.