விதுரா: பொதிகையின் மேற்குச் சரிவில் ஒரு மலையூர்

விதுரா, கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில் உள்ள மலையடி ஊர். அதே பெயரில் கிராம பஞ்சாயத்தும் உண்டு. தலைநகரிலிருந்து நெடுமங்காடு வழியாக ஏறத்தாழ 40 கி.மீ. பொன்முடி, கல்லாறு, போனக்காடு, பேப்பாறை என்று சுற்றுலாக் கையேடுகளில் தனித்தனியாக வரும் இடங்களுக்கெல்லாம் கடைத்தெருவும் பஸ் டிப்போவும் விதுராதான். பொன்முடியைத் தெரிந்த அளவுக்கு வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டுக் கடந்து போகிற முச்சந்தியாகவே பலரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

பாபநாசம், காரையாறு பக்கமிருந்து தமிழர்கள் அண்ணாந்து பார்க்கும் பொதிகையின் மறுபுறம் இது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடம் என்ற அதன் உச்சி கிழக்கே தாமிரபரணியைத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்புகிறது. மேற்கே நெய்யாறு, கரமனையாறு, வாமனபுரம் ஆறு ஆகிய மூன்றும் இந்த மலைத்தொகுதியிலிருந்தே இறங்குகின்றன. கரமனையாற்றின் நீளம் 68 கி.மீ.; வாமனபுரம் ஆற்றின் நீளம் 88 கி.மீ. கிழக்குச் சரிவு பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, இந்தப் பக்கம் இடவப்பாதி (தென்மேற்கு), துலாவர்ஷம் (வடகிழக்கு) இரண்டுமே கொட்டித் தீர்க்கின்றன. துலா (ஐப்பசி) மாதத்தில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் இடி முழங்கி மழை இறங்கும். ரப்பர் ஷீட்டை வெளியே காயப்போட்டவர்கள் ஓடுவார்கள்.

வாமனபுரம் ஆற்றின் மேல்கை கல்லாறு. உருண்டு மழமழப்பான பாறைகளுக்கு நடுவே தெளிந்து ஓடும் நீரைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். கல்லாற்றில் வானம் வெளுத்திருக்கும்போதே மேலே பொன்முடியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் சற்றே கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உள்ளூர்க்காரர் கரையேறிவிடுவார். மலைவெள்ளம் வர அதற்குப் பிறகு சில நிமிடங்கள் போதும். இந்த அறிகுறி தெரியாத வெளியூர்க்காரர்கள் இங்கே பலமுறை உயிரிழந்திருக்கிறார்கள்.

கல்லாற்றைத் தாண்டிய பின் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1100 மீட்டரில் பொன்முடி. மேலே புல்வெளி, மூடுபனி, போலீஸ் ஒயர்லெஸ் நிலையம். வரையாட்டுமொட்டை என்ற குன்றில் வரையாடுகள். 2022இல் பன்னிரண்டாம் வளைவருகே சாலை இடிந்து மாதக்கணக்கில் சுற்றுலா முடங்கியது. இடிந்தால் மாற்றுவழி கிடையாது. மேலே இருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு அரிசியும் ஆஸ்பத்திரியும் அந்த ஒரே சாலையில்தான்.

காணிகள்

இம்மலையின் பழங்குடி காணிக்காரர். மலையாளமும் தமிழும் கலந்த தங்கள் பேச்சை மலம்பாஷை என்பார்கள். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி; வைத்தியமும் சடங்கும் பார்ப்பவர் பிலாத்தி. நோய் தீரவும் பேய் விலகவும் இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டுக்குக் கொக்கரை இசைப்பார்கள். விளிம்பில் வரிவரியாகப் பல் வெட்டிய இரும்புக் குழல் அது. சிறு கம்பியால் உரசும்போது கரகரவென்று எழும் ஒலிதான் பாட்டுக்குத் தாளம்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு காணிகளுக்குப் பழைய உறவு உண்டு. பகைவர்க்குத் தப்பிக் காட்டில் திரிந்த மார்த்தாண்ட வர்மாவுக்கு அவர்கள் அடைக்கலம் தந்ததாகக் கதை. ஓணத்துக்குத் தேனும் வாழைக்குலையும் பிற காட்டுப்பொருள்களும் சுமந்து கவடியார் கொட்டாரத்துக்குப் போகும் வழக்கம் மன்னராட்சி போன பின்னும் நின்றுவிடவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிவினை வந்தபோது மலைமுகடு எல்லையானது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் காணிகள் ஒரு மாநிலத்திலும் கோட்டூர், விதுரா, பெரிங்ஙம்மலைக் காணிகள் இன்னொரு மாநிலத்திலும் ஆனார்கள். கொண்டு கொடுத்த சொந்தம் இருபுறமும் இருக்க, பள்ளிக்கூட மொழியும் ரேஷன் கார்டும் வேறாகிவிட்டன.

காணிகளை உலகம் அறிந்தது ஒரு செடியால். 1987இல் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் அகத்தியமலைக் காட்டில் நடந்து களைத்துப்போனார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் மட்டும் களைப்பில்லாமல் நடந்தார்கள். அவ்வப்போது அவர்கள் வாயில் போட்டுக்கொண்ட சிறு காய்களைப் பற்றிக் கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். குலத்தின் அறிவை வெளியே விடக்கூடாது என்பது முறை. பிறகு காட்டினார்கள். காணிகள் சாத்தன்களஞ்ச என்று அழைத்த அந்தச் செடியே இன்று ஆரோக்கியப்பச்சை என்று அறியப்படுவது. அதை அடிப்படையாக வைத்து உருவான ‘ஜீவனி’ என்ற மருந்தின் தயாரிப்பு உரிமை 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குத் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்கள் பெயரில் ஒரு நல அறக்கட்டளை பதிவானது. 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் ஒப்பந்தம் பழங்குடி அறிவுக்குப் பங்கு தர வேண்டும் என்று ஏட்டில் சொன்னதை நடைமுறையில் செய்து காட்டிய தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக உலகெங்கும் இது எடுத்துக்காட்டப்படுகிறது.

அந்தப் பாராட்டில் பாதிதான் நியாயம். ஜீவனி ஒப்பந்தத்தை ஒட்டிப் பேசியது பெரிதும் குற்றிச்சல் பக்கத்துக் காணிகளோடு. விதுரா, பெரிங்ஙம்மலைக் காணிகளில் பலர் தங்களைக் கேட்கவே இல்லை என்று குறைப்பட்டார்கள். செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை தடை சொன்னதால் பயிரிட்டு விற்கும் திட்டமும் தள்ளாடியது. அறிவு காணிகளுடையது, நிலம் வனத்துறையினுடையது, உரிமம் நிறுவனத்தினுடையது என்று மூன்றாகப் பிரிந்து கிடந்ததுதான் சிக்கல்.

கல்லாற்றுக் காட்டில் வாழ்ந்து நஞ்சுமுறிவு வைத்தியத்தால் பெயர்பெற்ற காணிப் பெண் லட்சுமிக்குட்டி அம்மா 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். சுமார் 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே செய்தவர். 1995இல் கேரள அரசு அவருக்கு நாட்டு வைத்திய ரத்தினம் விருது அளித்தது. அவர் வீட்டுக்கான சாலைக்கு 1952இலேயே ஒப்புதல் கிடைத்தது என்பார்கள். பத்மஸ்ரீ வந்த ஆண்டிலும் அந்தச் சாலை வந்திருக்கவில்லை.

தோட்டங்களும் லயங்களும்

மலைக்கு மேலே ஆள்வரவைப் பெருக்கியவர்கள் ஐரோப்பியர். முதலில் வந்தது விஞ்ஞானம். திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரௌன் 1855இல் அகத்தியர் கூடத்தின் உச்சியருகே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நகரத்திலும் மலைமேலும் ஒரே நேரத்தில் காந்த ஊசியின் விலக்கத்தைக் குறித்து, உயரத்தால் வேறுபாடு வருமா என்று பார்ப்பது நோக்கம். யானைக்கும் குளிருக்கும் பயந்த ஆட்களை வைத்துக்கொண்டு கல்லும் மரமும் கருவியும் அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினார்கள். அந்த அளவீடுகள் 1874இல் நூலாக வந்தன.

1860களில் திருவிதாங்கூர் அரசு மலைநிலங்களைத் தோட்டக்காரர்களுக்கு வழங்கத் தொடங்கியது. தென்னிந்திய மலைகளில் காப்பியை இலைத்துரு நோய் அழித்த பின் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பொன்முடி, மெர்ச்சிஸ்டன், போனக்காடு தோட்டங்கள் அந்தக் காலத்தின் மிச்சம். கொழுந்து எடுக்கக் கங்காணிகள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர்களைக் கூட்டிவந்தார்கள். காட்டையே வீடாகக் கொண்ட காணிகளைத் தோட்டத்துரைகள் கூலிக்கு நம்பவில்லை. சங்கு ஊதினால் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) வந்து நிற்கிற ஆட்களே அவர்களுக்கு வேண்டியிருந்தது. இப்படித்தான் ஒரே மலையில் காணி, தமிழ்த் தொழிலாளி, அடிவாரத்து மலையாளி என மூன்று வேறு உலகங்கள் உருவாயின. மூவரும் சந்திக்கும் இடம் விதுராக் கடைத்தெரு.

போனக்காட்டின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பு, மருத்துவம், குடிநீர் ஆகிய எல்லாம் கம்பெனியின் பொறுப்பாக இருந்தது. கம்பெனி நன்றாக நடக்கும்வரை அது பாதுகாப்பு; கம்பெனி நொடித்ததும் அதுவே பொறி. இந்த நூற்றாண்டில் போனக்காட்டுத் தோட்டம் அப்படித்தான் நொடித்தது. கூலி நின்றது, ஃபேக்டரியில் இயந்திரங்கள் துருப்பிடித்தன, தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகிவிட்டன. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரையைச் செப்பனிட வேண்டிய கம்பெனி செய்யவில்லை. அரசோ அது தனியார் சொத்து என்று சொல்லிக்கொள்ளலாம். பணிக்கொடை பாக்கியிருக்க லயத்தைக் காலி செய்தால் உரிமை போய்விடும் என்ற பயத்தில் முதியவர்கள் ஒழுகும் கூரைக்குக் கீழேயே தங்கினார்கள். பிள்ளைகள் விதுராவுக்கும் நெடுமங்காட்டுக்கும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் இறங்கிவிட்டார்கள்.

மலையூர்கள் இப்படி ஆளிழப்பது உலகெங்கும் நடப்பதுதான். ஜப்பான் 1970இலேயே மக்கள் குறைந்துபோன ஊர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிச் சாலைக்கும் பள்ளிக்கும் பணம் ஒதுக்கியது. அப்படியும் ஷிகொகு தீவின் நகோரோ என்ற மலைக்கிராமத்தில் போனவர்களின் இடத்தில் துணிப்பொம்மைகளைச் செய்து வைக்கும் நிலை வந்தது. போனக்காட்டுக்கு அப்படிச் சட்டமும் இல்லை, பொம்மையும் இல்லை, பேய் இருக்கிறது. ‘25 ஜி.பி.’ என்ற பாழடைந்த துரை பங்களாவில் ஆவி உலவுவதாக ஒரு கதை கிளம்பி, அதைப் படம்பிடிக்க இளைஞர்கள் பைக்கில் வருகிறார்கள். உயிரோடு இருக்கிற லயத்து மனிதர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிறார்கள்.

சந்தையும் ரப்பரும்

அடிவாரத்து வாழ்க்கை மலையிலிருந்து வேறானது. மலைச்சரக்கு போய்ச்சேர்ந்த பழைய இடம் நெடுமங்காடு சந்தை. தாழ்த்தப்பட்டோர் அங்கே சமமாக நுழைந்து வாங்கவும் விற்கவும் அய்யன்காளி நடத்திய போராட்டம் 1912இல். 1938இல் அதே வட்டாரத்துக் கல்லறை, பாங்கோடு ஊர்களில் சந்தை வரிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் பின்னர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். மலைவிளைச்சலைச் சுமந்து வந்தவனிடம் வழியிலேயே காசு பறிப்பதுதான் இந்த இரண்டாவது மோதலுக்குப் பின்னால் இருந்த அன்றாட அனுபவம்.

மிளகும் பாக்கும் மரச்சீனியும் இருந்த சரிவுகளை ரப்பர் விழுங்கியது. பொழுது விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வெட்டுக்காரர் மரம் மரமாகப் போவார்; பட்டையில் மெல்லிய சாய்வுக்கீறல்; சிரட்டையில் பால் சொட்டும். அதைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் காயவைப்பார்கள். 2011இல் கிலோ 240 ரூபாயை ஒட்டி விற்றது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. கூலி கட்டுப்படியாகாமல் வெட்டாமலே மரத்தைப் போட்டு வைத்தவர்கள் அப்போது பலர். மரச்சீனிக்கோ காட்டுப்பன்றித் தொல்லை. தொல்லை தரும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் பஞ்சாயத்துகளுக்கே கொடுத்தது.

நகரத்தின் தேவைகள்

திருவனந்தபுரம் குடிக்கும் தண்ணீர் இந்த மலையுடையது. 1930களில் அருவிக்கரையில் கரமனையாற்றைத் தடுத்து நகரக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. அது போதாமல் 1983இல் மேலே பேப்பாறை அணை வந்தது. அதே ஆண்டு அணையைச் சுற்றிய 53 சதுர கி.மீ. காடு வனவிலங்குப் புகலிடமானது. நீர்ப்பிடிப்பைக் காக்க அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே இருக்கும் காணிக் குடிகள் தங்கள் பாதைக்கும் மின்சாரத்துக்கும் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கும் நிலைக்கு வந்தார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பிறகே குடியிருக்கும் நிலத்துக்குப் பத்திரம் கேட்க வழி பிறந்தது. அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாகி, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஜெர்சி பசுப் பண்ணையால் அறியப்பட்ட மருதாமலைப் பகுதிக்கு, 2008இல் நகரத்தில் தற்காலிகமாகத் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம் பின்னர் குடிபெயர்ந்தது. நாட்டின் பல மொழிகள் பேசும் மாணவர்கள் வந்தபின் விதுராக் கடைகளின் சரக்கும் வாடகையும் மாறின. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி பொன்முடியில் நடந்தது.

அகத்தியர் கூடத்துக்கான நடைப்பயணம் போனக்காட்டிலிருந்து ஜனவரி நடுவில் தொடங்கிச் சிவராத்திரியை ஒட்டி முடியும். வனத்துறை நாளொன்றுக்கு எண்ணித்தான் ஆள் விடும். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சியில் அகத்தியர் சிலை. பெண்களை விடக்கூடாது என்ற பழைய வழக்கத்தை உயர் நீதிமன்றம் 2018இல் ஏற்கவில்லை. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சி ஏறினார். உச்சியில் பெண் கால் படக்கூடாது என்று காணிகளில் ஒரு பகுதியினர் போனக்காட்டில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், யாரையும் மறிக்கவில்லை. அந்தப் பருவத்தில் வழிகாட்டிகளாகப் போய்க் கூலி பெறுபவர்களும் காணி இளைஞர்களே.