அரியமும் இரட்டைக் காட்சியும்

இரத்தினபுரிச் சீமையில் மாணிக்கக் கல்லுக்குப் பட்டை தீட்டுவோர் ஒளியின் போக்கை நூல் படித்து அறிந்தவர் அல்லர். பட்டையின் சரிவு சிறிது மாறினாலும் கல்லுள் நுழைந்த ஒளி வேறு வழியே வெளியேறும் என்பதைக் கைப்பழக்கமே அவர்களுக்குக் கற்பித்தது. கல்லுக்கு அழகு தரும் இந்த இயல்பு, கண்ணின் ஒரு குறைக்குத் துணையாக வந்த வரலாறும் உண்டு.

ஒன்றுக்கொன்று சரிந்து நிற்கும் இரு தள முகங்களையுடைய கண்ணாடித் துண்டே அரியம். பட்டகம் என்றும் அதனைச் சொல்வர். 1666 ஆம் ஆண்டில் நியூட்டன் அத்தகைய துண்டொன்றைப் பெற்று, வெண்ணொளியுள் பல நிறங்கள் அடங்கியிருப்பதை ஆராயத் தொடங்கினார். உலகம் அந்த நிறங்களையே நினைவில் வைத்துக்கொண்டது. கண் மருத்துவத்துக்கு வேண்டியதோ அரியத்தின் மற்றொரு குணம். அது ஒளியைத் தன் தடித்த அடிப்பக்கமாக வளைக்கிறது. அதனால் அதனூடாகப் பார்க்கும் பொருள் கூர்முனைப் பக்கமாக நகர்ந்து தோன்றுகிறது.

கண்ணுக்கு ஆறாகப் பன்னிரண்டு தசைகள் நம் இரு விழிகளையும் அசைக்கின்றன. அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும், அதனை இயக்கும் நரம்பு பழுதுற்றாலும், இரு பார்வைகளும் ஓரிடத்திற் கூடா. ஒரு விளக்கு இரண்டாகும். ஒரு படி இரண்டாகும். தோட்டத்துச் சரிவில் இறங்கும் ஒருவருக்கு எந்தப் படி மெய், எந்தப் படி பொய் என்பது உயிரோடு தொடர்புடைய ஐயம். திடீரென இவ்வாறு தோன்றினால் முதலில் நாட வேண்டியவர் மருத்துவரே. மூளையிலோ நரம்பிலோ நேர்ந்த கேட்டின் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.

விழி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் கூர்முனை நிற்குமாறு அரியத்தை வைத்தால், பிரிந்த காட்சிகள் ஒன்றுசேரும். அரியம் விழியைத் திருத்துவதில்லை. விழி இருக்கும் இடத்துக்குக் காட்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் பேர்லினில் வாழ்ந்த அல்பிரெக்ட் வொன் கிரேஃபே, வெளிக்குத் தெரியாத விழிச் சாய்வையும் கண்டறிய இதனைக் கையாண்டார். ஆயினும் அளவிலே ஒரு குழப்பம் இருந்தது. அக்காலத்தில் அரியங்களுக்கு அவற்றின் முனைக்கோணத்தைக் கொண்டே எண்ணிட்டார்கள். கண்ணாடியின் வகை மாறினால், கோணம் ஒன்றாயிருந்தும் ஒளி வளையும் அளவு வேறுபடும். ஓரிடத்தில் எழுதிக் கொடுத்த எண், வேறிடத்தில் வேறு பலனைத் தந்தது.

இக்குழப்பத்துக்கு விடை கூறியவர் மருத்துவர் அல்லர். நியூயோர்க்கில் கண்ணாடித் தொழில் செய்த சார்ள்ஸ் பிரென்டிஸ், ஜேர்மனியில் பொறியியல் கற்றவர். ஒரு மீற்றர் தொலைவில் ஒளியை ஒரு சென்ரிமீற்றர் விலக்குவதே ஓர் அலகு என 1890 இல் அவர் வகுத்தார். அரிய டயொப்ரர் எனப்படும் அந்த அலகே இன்றும் வழங்குகிறது. கண்ணைச் சோதித்ததற்கு அவர் கட்டணம் பெற்றதை மருத்துவர் சிலர் எதிர்த்தனர்; சட்டத்தைக் காட்டி அச்சுறுத்தவும் செய்தனர். அவர் பின்வாங்கவில்லை. பார்வை அளப்போரின் தொழிலை ஏற்கும் சட்டம் நியூயோர்க்கில் 1908 இல் நிறைவேறியது.

பிரென்டிஸ் கூறிய மற்றொரு விதி, மூக்குக்கண்ணாடி அணியும் ஒவ்வொருவரையும் தொடுவது. வில்லையின் நடு, கண்மணிக்கு நேரே அமையாவிட்டால் அந்த வில்லையே அரியமாகிவிடும். 4 டயொப்ரர் வில்லை 5 மில்லிமீற்றர் விலகினால் 2 அரிய டயொப்ரர் விளையும். சந்தையில் அடுக்கி வைத்து விற்கும் கண்ணாடியை வாங்கி அணிந்துவிட்டுத் தலைவலியை வெயிலின் மேல் போடுவோர், இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எஞ்சிய இடர் கனம். சாய்வு மிகுந்தால் அரியமும் தடிக்கும்; ஓரத்தில் நிறங்கள் தோன்றும்; மூக்கு பாரம் தாங்காது. இதற்கு வழி கடலோரத்திலிருந்து வந்தது என்றால் வியப்பாயிருக்கும். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாகத் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலை நோனாகமவிற் கடற்கரையை எட்டுகிறது. அங்கிருந்து மேற்கே தங்காலையைக் கடந்தால் தெய்வேந்திரமுனை. 1890 இல் ஒளியேற்றப்பட்ட அங்குள்ள கலங்கரை விளக்கம் இலங்கையிலேயே உயரமானது. இத்தகைய விளக்குகளின் ஒளியைத் தொலைதூரம் அனுப்பும் முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டவரான பிரெனெல். ஒளியை வளைப்பது கண்ணாடியின் பருமன் அன்று, முகத்தின் சரிவே என்பது அவர் கொண்ட நுட்பம். ஆகவே பருமனை நீக்கி, சரிவுகளை மட்டும் சிறு படிகளாக அடுக்கினார். 1823 இல் பிரான்சின் கோர்துவான் விளக்கில் அது முதன்முதல் ஏறியது.

20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதே படிகள் ஒரு மில்லிமீற்றர் அளவே தடித்த பிளாஸ்ரிக் தகட்டில் இறங்கின. அதனைக் கத்தரித்து மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் நீர் தொட்டு ஒட்டிவிடலாம். படிகளின் கோடுகளால் பார்வை சிறிது மங்கும். அதனால் சிறு சாய்வுகளுக்கு இன்றும் பழைய முறையில் தீட்டிய அரியமே மேல். நரம்பு நாளடைவில் தேறிவரும் நோயாளிக்கோ தகடே ஏற்றது. சாய்வு குறையக் குறைய முந்தியதை உரித்தெடுத்து, எண் குறைந்த வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம். கண்ணாடியை மாற்ற வேண்டுவதில்லை.